ஊசி டிரைவரும் எஞ்சின் மெத்தையும்

தமிழ்நாட்டில் பஸ் ஓட்டுகிறவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ஊசி டிரைவர் ஒரு வகை. மற்ற எல்லாரும் சேர்ந்து இன்னொரு வகை.

மற்றவர்கள் காக்கிச் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் காலரில் ஊசி குத்தியிருப்பார். அதன் காதில் நூல் தொங்கும். திருமானூரில் கிளம்பும்போது முழ நீளம் தொங்கிய நூல், அரியலூர் போய்ச் சேரும்போது விரல் நீளம்கூட இருக்காது. நடுவழியில் யாருடைய சட்டைப் பொத்தானோ, மஞ்சப்பையின் காதோ, குடைத்துணியோ சரியாகியிருக்கும். ஓட்டிக்கொண்டே தைத்தாரா என்று யாரும் பயப்பட வேண்டாம். வண்டி நின்றால்தான் ஊசி காலரைவிட்டு இறங்கும். ஆனால் வண்டியை நிறுத்தக் காரணம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆள் நல்ல உயரம். மீசை கன்னத்தைத் தாண்டிக் காது வரை போகப் பார்க்கும். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. அந்தக் கைக்குள் ஊசி இருப்பதே தெரியாது. நூல் மட்டும் மேலே போய்க் கீழே வரும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், மனிதர் காற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அவருடைய பெயர் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கு மட்டும் தெரியுமா? சம்பளம் குடுக்குறப்பவும் மொதலாளி 'எலேய் ஊசி'ன்னுதான் கூப்புடுறாரு" என்றார். கண்டக்டர் ஒல்லியான மனிதர். ஊசி டிரைவரோடு ஒரே பஸ்ஸில் வேலை பார்த்ததால்தான் இளைத்தார் என்று சொல்லிக்கொள்வார்.

அந்தப் பஸ்ஸில்தான் நான் காலேஜுக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் பார்த்திருக்கிறார், ஓட்டுப் போடுவதற்கு. எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர் அவர். நான் பிளஸ் டூ பாஸ் பண்ணி, அரியலூர் காலேஜில் இடம் கிடைத்ததும், ஒரு வாரம் யோசித்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டார்.

"பஸ்ஸுல டிரைவரு பக்கத்துல உக்காந்துதான் போவணும். பின்னால போயி நிக்கக் கூடாது. அது ஒண்ணு."

"சரிப்பா."

"பஸ்ஸு ஊருக்குள்ள வர்ற வரைக்கும்தான் காலேஜு. கருவக்காட்டுக்குள்ள நடந்து போயி மெயின் ரோட்டுல ஏறணும்னு ஆச்சுன்னா, அன்னியோட படிப்பு நின்னுச்சுன்னு வச்சுக்க."

எங்கள் ஊர் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்த ஒரு பஸ் மட்டும் உள்ளே வந்து திரும்பிப் போகும். அதாவது, என் படிப்புக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன. அவற்றை ஓட்டியவர் ஊசி டிரைவர்.

டிரைவர் பக்கத்தில் இருந்தது எஞ்சின் பெட்டி. அதன் மேல் ஒரு காலத்தில் ரெக்சின் இருந்ததாகக் கேள்வி. நான் பார்த்தபோது வெறும் தகரம்தான். தோசைக்கல்லுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், தோசைக்கல்லில் யாரும் டிக்கெட் எடுத்து உட்கார மாட்டார்கள். கீழப்பழுவூர் வருவதற்குள் ஒரு பக்கம் வெந்துவிடும். அப்புறம் கொஞ்சம் திரும்பி உட்கார வேண்டும்.

"சுடுதா பாப்பா?" என்று முதல் நாள் கேட்டார்.

"இல்லண்ணே."

காலேஜுக்குப் போகிற பெண் சுடுகிறது என்று சொல்லலாமா. இரண்டாம் நாளும் சுடவில்லை என்றேன். மூன்றாம் நாள் தாங்க முடியாமல், பையிலிருந்த பெரிய புத்தகத்தை எடுத்துத் தகரத்தில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

பஸ் நடுரோட்டில் நின்றது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள்.

"எந்திரி பாப்பா."

"ஏண்ணே?"

"புஸ்தகத்தக் கையில எடு. நான் எட்டாவதுல ரெண்டு தடவ ஃபெயிலு. அதத் தொடாம இருந்ததுக்கே என்னைய அந்தப் பாடு படுத்துச்சு. மேல உக்காந்தா சும்மா விடுமா?"

கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். "அண்ணே, வண்டி நடுரோட்டுல நிக்குது."

"நிக்கட்டும். இதுக்கு ஒரு மெத்த தைக்கணும்."

"சாக்கு ஒண்ணு மடிச்சுப் போட்டா முடிஞ்சுதுண்ணே."

ஊசி டிரைவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "காலேஜுக்குப் போற புள்ள சாக்குல உக்காந்து போவுமா? எதுடா பேச்சு இது."

இப்படித்தான் அந்த மெத்தை ஆரம்பமாயிற்று.

மறுநாள் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று அறிவிப்புக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி வேண்டும். சதுரமாக வெட்டிச் சேர்த்துத் தைத்து எஞ்சினுக்கு மெத்தை போடப்போகிறார். ஆனால் பழைய துணி கூடாது. நல்ல காரியத்துக்கு எடுத்த புதுத்துணியிலிருந்து வெட்டிய துண்டாக இருக்க வேண்டும்.

"ஒட்டுப் போடுறதுக்கு எதுக்குங்க புதுத்துணி? கிழிஞ்ச சீல வூட்டுக்கு நாலு கெடக்கு" என்றார் ஒரு பெரியம்மா.

"கந்தலக் குடுத்தா கந்தலாத்தான் வரும் ஆயி. ஒங்க வூட்டுச் சந்தோசத்துல ஒரு துண்டு குடுங்க. தச்சிரலாம்."

எங்கள் ஊருக்குப் பெருமை பிடித்துக்கொண்டது. காதுகுத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடை, வளைகாப்புப் புடவையோடு வந்த ஜாக்கெட் பிட், பொங்கலுக்குத் தைத்த சட்டையின் மிச்சம் என்று டெய்லர் கடையில் கிடந்த வெட்டுத்துணி எல்லாம் பஸ் ஏறியது. தைக்கக் கொடுக்காமல் ரெடிமேடாக வாங்கியவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒருவருடைய மனைவி, அவர் தீபாவளிக்கு வாங்கிய ரெடிமேட் சட்டையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சதுரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டார். பேண்டுக்குள் சட்டையை விட்டுக்கொண்டு போனவர், வெயில் தாங்காமல் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வெளியே எடுத்துவிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து, நான் காலேஜில் சேருவதற்காக எடுத்த கத்திரிப்பூ நிறச் சுடிதாரின் துண்டு போயிற்று. எங்கள் தெருவுக்கே அது முதல் சுடிதார்.

எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் அல்லவா. அளவுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு தினசரி காலண்டரின் அட்டை. அதில் கல்லங்குறிச்சிப் பெருமாள் படம் இருந்தது. சாமி முகத்தில் கத்தரி படக் கூடாது என்று கிரீடத்துக்கு மேலேயும் மார்புக்குக் கீழேயும் சுற்றி வெட்டினார். அந்த அட்டையை வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தையலுக்கு ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டுவார். மெத்தையின் ஒவ்வொரு கட்டமும் ஏன் அந்த அளவு என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான். பெருமாள் அவ்வளவு பெரியவர்.

தைக்கும் வேலை ரயில்வே கேட்டில் நடந்தது. அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கேட் இருந்தது. மூடினால் சிமெண்ட் லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை நிற்கும். எல்லா டிரைவரும் கேட்கீப்பரைத் திட்டுவார்கள். ஊசி டிரைவர் மட்டும் கும்பிடுவார். இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு ஓரத்தைத் தைத்து, விரித்து, நகத்தால் மடிப்பைத் தேய்ப்பார். அதோடு அடுத்தது. ஒரு வரிசை முடிந்தால் ஸ்டியரிங்கில் மாலை மாதிரித் தொங்கவிடுவார். வரிசையும் வரிசையும் சேரும்போது நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் கூட வேண்டும். கூடாவிட்டால் பிரித்துவிடுவார்.

ரயில் போகும். கேட் திறக்கும். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும்.

"அண்ணே, கேட்டு தொறந்து எவ்வளவு நேரமாவுது."

"முடிச்சுப் போட்டுட்டு வரேன்."

"லாரிக்காரன் எறங்கி வர்றான்."

"வரட்டும். அவன் சட்டையில காலர் பிரிஞ்சிருக்கு. காலையிலயே பாத்தேன்."

சண்டைக்கு வந்த லாரிக்காரர் காலர் தைத்துக்கொண்டு திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அரியலூரைத் தனி மாவட்டம் என்று பெரம்பலூரிலிருந்து வெட்டினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். பேப்பரைப் படித்துச் சொன்னேன். ஊசி டிரைவர் உச்சுக்கொட்டினார். "பிரிச்சுப் பிரிச்சுத் தச்சா துணி தாங்காது பாப்பா."

துண்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் ஊர் இரண்டாகிவிடும் போலிருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி வீடுகள் இரண்டு எங்கள் ஊரில் உண்டு. அண்ணன் மனைவி நேராக டிரைவரிடமே வந்து, "எங்க துண்டு அவங்க துண்டோட சேரக் கூடாது. சொல்லிப்புட்டேன்" என்றார். மறுநாள் வந்து தேடினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "அதைப் பிரிச்சுருங்க" என்றார் அந்த அம்மா. "பிரிக்க முடியாது ஆயி. சண்ட போடுவாங்கன்னு தெரிஞ்சுதான் அங்க மட்டும் ரெட்டத் தையல் போட்டிருக்கேன்" என்றார் இவர். காலனித் துணி எது, மேலத்தெருத் துணி எது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. "தைக்கிற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சுங்க. தச்சதும் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் மறந்தது அந்த ஒன்றைத்தான்.

அடியில் சாக்கு, நடுவில் பழைய கம்பளி, மேலே எங்கள் ஊர். மூன்றையும் சேர்த்துக் கோணி ஊசியால் குறுக்கும் நெடுக்கும் தைத்தார். சுற்றிலும் ஓரம் பிரியாமல் இருக்கத் தன்னுடைய காக்கித் துணியை மடித்துக் கரை கட்டினார். புதுக் காக்கி. சட்டை தைக்க எடுத்து வைத்திருந்தது. எஞ்சின் மேல் விரித்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர். ஊசி டிரைவர் நிறுத்தவில்லை. புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உபயோகிக்கலாமா? மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நடுவில் ஒரு பொட்டு வைத்தார். "மொத்தமா ஓரத்துல ஒரு பொட்டு வச்சாப் போதுமேண்ணே" என்றார் கண்டக்டர். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வூட்டுத் துணி. ஒரு வூட்டுக்கு வச்சு இன்னொரு வூட்டுக்கு வெக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

எஞ்சின் சூடு. அதன் மேல் மஞ்சள். அதன் மேல் வியர்வையோடு நாங்கள்.

மெத்தை போட்ட முதல் நாள் காலேஜ் வாசலில் நடந்துபோகும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏய், என்னடி, உக்கார்ற எடத்துல பொட்டு வச்சுக்கிட்டு வந்திருக்க?" என்றாள் ஒருத்தி. பின்பக்கத்தை இழுத்துப் பார்த்தேன். வரிசை பிசகாமல் மஞ்சள் புள்ளிகள். முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "எங்க ஊர் பஸ்ஸுல மெத்த போட்டிருக்காங்க. ஒங்க ஊர் பஸ்ஸுல இருக்கா?" அவள் ஊர் பஸ்ஸில் ஜன்னலே கிடையாது. சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அந்தப் புள்ளிதான் எங்கள் ஊருக்கு முகவரி. அரியலூர் கடைத்தெருவில் எங்கள் ஊர்ப் பெண்கள் திரும்பி நின்றாலே போதும், "மெத்த பஸ்ஸு ஊரா? வாங்க" என்பார்கள். கல்லங்குறிச்சித் தேருக்குக் கூட்டம் ஏறிய நாளில் வெளியூர் அம்மாள் ஒருவர் மெத்தையையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு, ஏதோ சாமி பீடம் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உட்காரச் சொன்னதற்குக் காதைப் பொத்திக்கொண்டு வழி முழுக்க நின்றே வந்தார். இறங்கும்போது மெத்தை மேல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

"தொவச்சிருங்கண்ணே, கறை போயிரும்" என்று கண்டக்டர் மன்றாடுவார். ஊசி டிரைவர் துவைக்காமல் இல்லை. திருமானூரில் கொள்ளிடத்தில் இறங்கித் துவைத்துக் காயவைத்து எடுத்து வருவார். காய்ந்ததும் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். புதுசு மாதிரி இருந்தால் மஞ்சள் வைக்க வேண்டியதுதானே. வைத்துவிடுவார்.

நான் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கொண்டு வந்தவர் கண்டக்டர். முதலாளி பெரம்பலூர்க்காரர். மூன்று பஸ்ஸும் ஒரு காரும் வைத்திருந்தார். டீசல் செலவாகும் என்று காரை வெளியே எடுக்க மாட்டார். எங்கள் ஊருக்குள் வந்து திரும்புவது தண்டச் செலவு, இனிமேல் வண்டி நேராக மெயின் ரோட்டிலேயே போகட்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை தானே வந்து எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்ப்பாராம்.

எனக்கு அப்பாவின் இரண்டாவது நிபந்தனை காதில் கேட்டது. ஊசி டிரைவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்து ஓடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் தெருத் தெருவாகப் போனார். "வெள்ளிக்கெழம எல்லாரும் ஏறணும். எங்க போறீங்கங்கறது முக்கியமில்ல. ஏறணும். உக்காந்ததும் யாரு எழுப்புனாலும் எந்திரிக்கக் கூடாது." முதலாளி வருகிறார் என்பதற்காக மெத்தையைக் கொள்ளிடத்தில் நன்றாக அலசிக் காயவைத்தார். காய்ந்ததும், முதலாளி வருகிறார் என்பதற்காக, மஞ்சளைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைத்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளி கணக்கப்பிள்ளையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எங்கள் ஊர் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அன்றைக்கு அவருடைய மகனுக்கு அரியலூரில் பெண் பார்க்கிறார்கள். குடும்பம் அங்கே வந்துவிடும். இவர் பஸ்ஸையும் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் போய் இறங்கிக்கொள்வார். ஸ்கூட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, புளியமரத்தடியில் நின்று எண்ண ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் ஏறியது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ஊரைத் தாண்டாத அம்மாக்கள் ஏறினார்கள். ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏறினார். அண்ணன் வீடும் தம்பி வீடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே சீட்டில் உட்கார்ந்தன. முதலாளிக்குச் சந்தேகம் வந்து, படியில் கால் வைத்த ஒரு தாத்தாவை நிறுத்தினார்.

"எங்க பெரியவரே பயணம்?"

"போயிட்டு வரேங்க."

"அதான், எங்க போயிட்டு வரீங்க?"

"இப்படித்தாங்க. போயிட்டு வரேங்க."

எண்ணி முடித்து முதலாளி ஏறியபோது சீட்டு இல்லை. கண்டக்டர் எழுப்பிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறதே. எஞ்சின் மெத்தையில் நான் மட்டும் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. எழுந்து இடம் கொடுத்தேன்.

ஊசி டிரைவரின் மீசை தொங்கிப்போனது. "மொதலாளி, அங்க வேண்டாங்க. அது பொம்பளைங்க உக்கார்ற எடம்."

"எம் பஸ்ஸு. எம் எஞ்சினு. நான் உக்காரக் கூடாதா?" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கையால் அழுத்திப் பார்த்தார். "பரவால்லயே. மெத்து மெத்துன்னு இருக்கு."

அன்றைக்கென்று ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போயிற்று. திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில் வர வேண்டுமாம். வெயில் ஏறியது. முதலாளியின் முதுகில் வியர்வை ஓடி வேட்டிக்குள் இறங்குவதை பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. ஊசி காலரிலேயே இருந்தது. கேட் மூடியும் அவர் தைக்காமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அரியலூரில் இறங்கி, பூத்தட்டோடு காத்திருந்த தன் குடும்பத்தை நோக்கி முதலாளி கம்பீரமாக நடந்தார். வேட்டியின் பின்பக்கத்தில், வாசலில் கோலத்துக்கு வைப்பது போல, வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளி. கோடு இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஓடிப் போயி சொல்லிரலாமாண்ணே?" என்றார் கண்டக்டர்.

"சொன்னா என்ன பண்ணுவாரு? தெரியாம இருக்குற வரைக்குமாவது சந்தோசமா இருக்கட்டும்."

சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். எங்கள் ஊரில் நான் இறங்கும்போது ஊசி டிரைவர் மெத்தையைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "நீ வச்சிரு பாப்பா. மொதலாளி கண்ணுல பட்டா கொளுத்திருவாரு. ஒனக்காக ஆரம்பிச்சதுதானே." கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார்.

வீட்டில் அப்பா மெத்தையைத் தரையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். கரும்புச் சோகை கிழித்த கையால் தையலைத் தடவினார். "நம்ம துண்டு எது?" என்றார். காட்டினேன். இழுத்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அந்த இரண்டாவது நிபந்தனையின் பேச்சை அவராக எடுப்பாரோ என்று பயம். அவர் எடுக்கவில்லை.

காலையில் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு அவரும் புளியமரத்தடிக்கு வந்தார். ஊரில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பஸ் வரவில்லை.

"வரலன்னா என்னப்பா பண்றது?" என்றேன்.

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரலன்னா மெயின் ரோட்டு வரைக்கும் நான் கூட வரேன். தெனமும் வரேன். நீ பாட்டுக்குப் படி."

அப்போதுதான் ஹாரன் கேட்டது. பஸ் திரும்பி உள்ளே வந்தது. நிற்பதற்கு முன்பே கண்டக்டர் குதித்தார்.

"பொண்ணு வூட்டுல சரின்னுட்டாங்க."

ஒருவருக்கும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். பெண் வீட்டில் இத்தனை நாள் பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார்களாம். அன்றைக்கு முதலாளி தண்ணீர் குடிக்கத் திரும்பி நின்றபோது, பெண்ணின் அத்தை வேட்டியைப் பார்த்துவிட்டாராம். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மஞ்சளோட வூடேறி வந்திருக்காங்க. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" என்றாராம். தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று.

"அப்ப நம்ம ஊரு ட்ரிப்பு?" என்று அப்பா கேட்டார்.

"எப்படிங்க நிறுத்துவாரு? அந்த வழியா வந்துதான் காரியம் கூடுச்சுன்னு சொல்றாரு. ஒரு வளைவக்கூட மாத்தக் கூடாதாம்." கண்டக்டர் கக்கத்திலிருந்த பொட்டலத்தை ஊசி டிரைவரிடம் நீட்டினார். "நேத்துக் கட்டுன வேட்டி. இதுலேர்ந்து ஒரு துண்டு வெட்டி மெத்தையில சேக்கணும்னு குடுத்துவுட்டாரு."

ஊசி டிரைவர் பொட்டலத்தைப் பிரித்தார். புள்ளிகளைப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கட்டுன துணி எடுக்குறதில்லன்னு சொல்லிரு."

கண்டக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, இப்பதான தப்பிச்சோம்."

"மொதலாளின்னா தனிச் சட்டமா? இந்த ஊருல காதுகுத்துப் பாவாடையில வெட்டிக் குடுத்திருக்காங்க. அவரு வூட்டுல கல்யாணந்தான வருது. அந்தப் பட்டுல குடுக்கச் சொல்லு."

அன்றைக்கு எனக்கு இன்னொரு முறை உயிர் போய் வந்தது. ஆனால் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலிருந்து ஒரு துண்டு வந்தது. மூலையில் மஞ்சள் வைத்தே அனுப்பியிருந்தார்கள். அதற்கு இடம் இல்லாததால், ஊசி டிரைவர் காக்கிக் கரையைப் பிரித்துப் புதிதாக ஒரு வரிசையை ஆரம்பித்தார். அந்த வரிசையில் அப்புறம் நான் பட்டம் வாங்கப் போனபோது கட்டிய புடவையின் ஜாக்கெட் பிட்டும் சேர்ந்தது. வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம எஞ்சின் மேல படிச்ச படிப்பு" என்று கண்டக்டரிடம் சொன்னார்.

இப்போது அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாக வெட்டியிருக்கிறார்கள். நான் பெரம்பலூரில் வேலை பார்க்கிறேன். என் நாற்காலியில் கடையில் வாங்கிய குஷன் இருக்கிறது. சுடுவதில்லை, ஒட்டுவதுமில்லை. புதுப்புடவை எடுத்தால் எல்லாரும் முந்தானை ஓரத்தில் மஞ்சள் வைப்பார்கள். நான் பின்பக்கம், உட்காருகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்கிறேன். ஆபீஸில் யாராவது கறை என்று காட்டினால், எங்கள் ஊர் பஸ்ஸில் பட்டது என்று சொல்லிவிடுவேன்.